வாறுகாலும் வரத்துக்காலும்

தென்காசி, குற்றாலம் பக்கம் மழைத்தண்ணீரைப் பற்றி நடக்கிற பேச்சு எல்லாம் ரெண்டு தலைப்பில் அடங்கிவிடும். ஒன்று வெள்ளம், இன்னொன்று அசுத்தம். வெள்ளம் என்றால் "வாறுகால் சிறுசா இருக்கு, பெருசாக் கட்டணும்" என்போம். அசுத்தம் என்றால் "வெளியூர்க்காரங்க சோப்புப் போட்டுக் குளிக்கிறாங்க, பாலித்தீன் கவரை வீசிட்டுப் போறாங்க" என்போம். ரெண்டிலும் உண்மை உண்டு. ஆனால் ரெண்டும் ஒரே தண்ணீரைப் பற்றிய பேச்சு என்பது மட்டும் எங்கேயோ தொலைந்துபோகிறது.

வெளியூர் வாசகர்களுக்காகச் சில சொற்கள். எங்கள் பக்கம் தெருவோரச் சாக்கடைக்கு வாறுகால் என்று பேர். குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவருவது வரத்துக்கால். குளம் நிறைந்தபின் உபரி வெளியேறும் இடம் மறுகால். ஒரு குளத்தின் மறுகால் தண்ணீர் அடுத்த குளத்துக்கு வரத்து. இப்படிச் சங்கிலி சங்கிலியாகத்தான் இந்தப் பக்கத்து விவசாயம் ஓடியது, இப்போதும் ஓடுகிறது.

இந்தக் குறிப்பில் நான் சொல்ல வருவது இதுதான்: ஊர் வளர வளர வாறுகாலும் வரத்துக்காலும் ஒண்ணாகிக்கொண்டு வருகின்றன. அதனால் வருகிற கெடுதலை டிவியில் காட்டுகிற பெருவெள்ளத்தில் தேடினால் கிடைக்காது. யாரும் கண்டுகொள்ளாத சாதாரண மழையில்தான் அது நடக்கிறது. நாம் திட்டம் போடுவதும், தடை போடுவதும், கோபப்படுவதும் அந்தச் சாதாரண மழையை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் பார்த்து. கணக்குகளை நீங்களே போட்டுச் சரிபார்க்கும்படி கொடுத்திருக்கிறேன்.

ரெண்டு பருவம், ஒரு ஆறு

தென்காசிக்கு ரெண்டு பருவமழையிலும் பங்கு உண்டு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாகப் புகுந்து வரும்போது கிடைப்பது சாரல். அதைத்தான் சீசன் என்கிறோம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. சாரலுக்கு வேகம் கிடையாது, நாள் முழுக்கத் தூவிக்கொண்டே இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை அப்படி இல்லை, ஒரு மணி நேரத்தில் கொட்டித் தீர்த்துவிடும். இந்த வித்தியாசம் பின்னால் தேவைப்படும், ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

குற்றால மலையில் பிறக்கிற சிற்றாறு, அருவிகளாக விழுந்து, இலஞ்சி பக்கமாக வந்து, தென்காசி யானைப்பாலத்தைக் கடந்து கிழக்கே போகிறது. வழியில் அணைக்கட்டுகள், அவற்றிலிருந்து பிரியும் கால்கள், கால்கள் நிரப்பும் குளங்கள். கடைசியில் சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்கிறது. அதற்குக் கீழே ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு. ஆக, தென்காசித் தெருவில் விழுகிற மழைத்தண்ணீர் தூத்துக்குடி மாவட்டம் வரைக்கும் சம்பந்தப்பட்டது.

2011 கணக்கெடுப்பில் தென்காசி நகராட்சியின் மக்கள்தொகை சுமார் 70,000. 2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. மாவட்டத் தலைநகர் என்றால் அலுவலகங்கள், அவற்றில் வேலை செய்பவர்களுக்கு வீடு, வீட்டுக்கு மனை, மனைக்கு ரோடு. ஊரிலிருந்து எந்தத் திசையில் வண்டியை விட்டாலும், வயலுக்கு நடுவில் கல் நட்டு, கொடி கட்டி, ஆர்ச் வைத்த லேஅவுட் ஒன்றாவது கண்ணில் படும்.

பழியைச் சரியான இடத்தில் போடுவோம்

முதலில் நம்ம பக்கத்து வாதத்திலேயே இருக்கிற ஒரு ஓட்டையை அடைத்துவிடுகிறேன். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் வந்து ஒரு 17 வயதுப் பையன் இறந்துபோனான். அந்த வாரம் முழுக்க சமூக வலைத்தளங்களில் "கான்கிரீட் காடாக்கினோம், அதான் இயற்கை பழிவாங்குது" என்ற மாதிரிப் பதிவுகள். பழைய குற்றாலத்துக்கு மேலே இருப்பது காடும் பாறையும். அங்கே லேஅவுட் கிடையாது. செங்குத்தான மலையில் மேலே கொட்டிய மழை சில நிமிடங்களில் கீழே வந்துவிடும். அது மலையின் இயல்பு. அங்கே கேட்க வேண்டியது எச்சரிக்கை ஏற்பாடு பற்றிய கேள்வி: மேலே மழை பெய்கிறது என்று கீழே குளிப்பவருக்கு எப்படித் தெரியும், எத்தனை நிமிடத்தில் தெரியும்? நகரமயமாக்கலை அதில் இழுத்தால் அந்தக் கேள்வி தப்பித்துப் போய்விடும்.

அதே மாதிரி 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை. அந்த அளவு மழைக்கு முன்னால் வயலும் ஒன்றுதான், கான்கிரீட்டும் ஏறக்குறைய ஒன்றுதான். மண் குடிக்கிற அளவுக்குக் குடித்துவிட்டு, மிச்சத்தை அப்படியே விட்டுவிடும். அப்போது வீடு மூழ்கியதற்குக் காரணம், வீடு இருந்த இடம். தரையின் தன்மை ரெண்டாம்பட்சம்.

அப்படியானால் நகரமயமாக்கலால் ஒன்றும் கெடவில்லையா? கெடுகிறது. வேறு மழையில்.

20 மில்லிமீட்டரின் கணக்கு

மழை பெய்தால் எவ்வளவு ஓடும், எவ்வளவு ஊறும் என்று கணக்குப் போட அமெரிக்க மண்வளப் பாதுகாப்புத் துறை 1950-களில் ஒரு முறை கொண்டுவந்தது. இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுகிறது, நம்ம சிவில் பசங்களுக்கும் பாடத்தில் வரும். ஒவ்வொரு வகை நிலத்துக்கும் 100-க்குள் ஒரு எண். எண் கூடக் கூட நிலம் குடிப்பது குறைவு. சுமாரான மேய்ச்சல் நிலம் அல்லது தரிசுக்கு 70 என்று வைத்துக்கொள்ளலாம். தார், கான்கிரீட், கூரைக்கு 98.

கணக்கு எளிது. 25400-ஐ அந்த எண்ணால் வகுத்து, 254-ஐக் கழித்தால் நிலத்தின் கொள்ளளவு மி.மீ.-இல் வரும். மழையில் கொள்ளளவின் ஐந்தில் ஒரு பங்கு ஓட்டம் தொடங்குவதற்கு முன்பே போய்விடும். மிச்ச மழையின் வர்க்கத்தை, மிச்ச மழையும் கொள்ளளவும் சேர்ந்த தொகையால் வகுத்தால், ஓடுகிற தண்ணீர். ஸ்ப்ரெட்ஷீட்டில் போட்டுப் பார்த்தால் வருவது இது:

20 மி.மீ. மழை: மண்ணில் ஓட்டம் 0. கான்கிரீட்டில் சுமார் 15 மி.மீ.

50 மி.மீ. மழை: மண்ணில் சுமார் 6 மி.மீ. கான்கிரீட்டில் சுமார் 44 மி.மீ.

300 மி.மீ. மழை: மண்ணில் சுமார் 200 மி.மீ. கான்கிரீட்டில் சுமார் 294 மி.மீ.

மேலிருந்து கீழே பாருங்கள். பெருமழையில் ஒன்றரை மடங்கு வித்தியாசம். நடுத்தர மழையில் ஏழு மடங்கு. சின்ன மழையிலோ மடங்கே சொல்ல முடியாது, ஒன்றுமே ஓடாத இடத்தில் தண்ணீர் ஓடுகிறது. சாரலில் ஏற்கெனவே ஊறிப்போன மண் என்றால் எண்ணை 85-க்கு ஏற்றச் சொல்வார்கள். அப்போதும் 20 மி.மீ. மழைக்கு மண்ணிலிருந்து ஓடுவது சுமார் 2 மி.மீ. மட்டும்தான்.

இதை ஒரு லேஅவுட்டுக்குப் போடுவோம். 10 ஏக்கர், அதாவது சுமார் 40,470 சதுர மீட்டர். ரோடு, வீடு, சிமெண்ட் முற்றம் எல்லாம் சேர்ந்து 60 சதவீதம் கெட்டித்தரை ஆகிவிட்டது என்று வைத்துக்கொண்டால், 20 மி.மீ. மழைக்கு வெளியே வருவது சுமார் 3.6 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் 30 லோடு. முன்பு அதே மழைக்கு அந்த நிலத்திலிருந்து ஒரு லோடுகூட வந்திருக்காது.

வருஷத்தில் 300 மி.மீ. மழை எத்தனை நாள் பெய்யும்? பல வருஷத்துக்கு ஒரு நாள். 20 மி.மீ.-க்கு உட்பட்ட மழை எத்தனை நாள்? விரல் விட்டு எண்ண முடியாது. நகரமயமாக்கல் அதிகமாக மாற்றிவைப்பது அடிக்கடி வருகிற அந்தச் சின்ன மழையைத்தான்.

வரப்பு என்கிற அணை

மேலே போட்ட கணக்கு தரிசுக்கு. நம்ம பக்கம் லேஅவுட் ஆவது பல இடங்களில் நஞ்சை. நஞ்சைக்கு அந்த எண்ணே பொருந்தாது, ஏனென்றால் வயலைச் சுற்றி வரப்பு இருக்கிறது. வயலில் நிற்கிற தண்ணீருக்கு மேல் வரப்பு 10 செ.மீ. உயர்ந்திருக்கிறது என்றால், 100 மி.மீ. மழையை அந்த வயல் வெளியே விடாமல் பிடித்துவைக்கும். ஒரு ஏக்கருக்கு 4 லட்சம் லிட்டர். 10 ஏக்கருக்கு 40 லட்சம் லிட்டர். எந்தத் துறையின் பதிவேட்டிலும் இந்த 40 லட்சம் லிட்டர் கொள்ளளவு நீர்த்தேக்கமாக எழுதப்பட்டிருக்காது. அதனால் அது மனையாக மாறும்போது ஒரு நீர்த்தேக்கம் போனதாகவும் யாரும் எழுத மாட்டார்கள்.

ஜப்பானில் இதை எழுதினார்கள். நீகாத்தா மாநிலத்தில் 2002-ல் தொடங்கிய ஒரு முயற்சிக்கு "வயல் அணை" என்று பொருள்படும் பேர். வயலின் வடிகால் வாயில் ஒரு சின்னத் தடுப்பைப் பொருத்தி, மழை நேரத்தில் தண்ணீரை மெதுவாக விடுகிறார்கள். கீழே இருக்கிற ஊருக்காக மேலே இருக்கிற விவசாயிகள் செய்கிற வேலை அது. நம்ம விவசாயிகள் இதைப் பேர் வைக்காமலே தலைமுறை தலைமுறையாகச் செய்தார்கள். அவர்களுக்கு ஊர் எதுவும் கொடுக்கவில்லை, கொடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

தண்ணீர் எதைக் கழுவுகிறது?

இதுவரை அளவு. இனி தரம்.

மழை பெய்யாத நாட்களில் தெருவில் சேர்வது என்னென்ன என்று ஒரு பட்டியல் போட்டால்: புழுதி, டயர் தேய்ந்த துகள், பிரேக் தேய்ந்த உலோகத்தூள், ஒழுகின எஞ்சின் ஆயில், மாட்டுச் சாணி, நாய்க் கழிவு, ஓட்டல் எச்சில், குப்பைத்தொட்டிக்கு அடியில் ஊறுகிற சாறு, வீடு கட்டுகிற இடத்து எம்-சாண்டும் சிமெண்ட் பாலும். மழையின் முதல் தண்ணீர் இதை எல்லாம் வழித்துக்கொண்டு போகும். அதற்குப்பின் வருவது ஓரளவு தெளிவு. இதை முதல் கழுவல் என்கிறார்கள். வீட்டில் மழைநீர் பிடிக்கிறவர்களுக்கு இது தெரியும், முதல் பத்து நிமிடத் தண்ணீரை வெளியே விட்டுவிட்டுத்தான் தொட்டிக்கு மாற்றுவார்கள்.

அமெரிக்காவில் 1972-ல் தூய நீர்ச் சட்டம் கொண்டுவந்தபோது, ஆலைக் குழாயையும் சாக்கடைக் குழாயையும் கட்டுப்படுத்தினால் போதும் என்றுதான் நினைத்தார்கள். 1978 முதல் 1983 வரை பல நகரங்களில் தெருவில் ஓடும் மழைநீரை எடுத்துச் சோதித்த பிறகுதான், குழாயே இல்லாத தெருவும் ஒரு ஆலை மாதிரிக் கழிவு விடுகிறது என்பது எண்களோடு தெரிந்தது. 1987-ல் சட்டத்தைத் திருத்தி, மழைநீர் வடிகாலுக்கும் அனுமதி வாங்க வேண்டும் என்றாக்கினார்கள்.

அதற்குப் பிறகும் ஆச்சரியங்கள் நிற்கவில்லை. வாஷிங்டன் மாநில ஓடைகளில் முட்டையிட வந்த கோஹோ சால்மன் மீன்கள் மழை பெய்ததும் செத்துக்கொண்டே இருந்தன. பல வருஷம் தேடியபின், 2020 டிசம்பரில் காரணத்தை வெளியிட்டார்கள். டயர் ரப்பர் வெடிக்காமல் இருக்கச் சேர்க்கிற ஒரு ரசாயனம், காற்றிலுள்ள ஓசோனோடு சேர்ந்து உண்டாகிற நச்சு. சோப்பும் இல்லை, பாலித்தீனும் இல்லை. டயர். சீசன் சனி ஞாயிறில் குற்றாலம் ரோட்டில் நிற்கிற வண்டி வரிசையை நினைத்துக்கொண்டு இந்த வரியைப் படியுங்கள்.

இப்போது அந்த ரெண்டு பருவத்தையும் இதோடு சேர்த்துப் பார்ப்போம். சாரல் தூவும்போது ரோட்டு அழுக்கு வாறுகால் வரைக்கும் நகரும். ஆனால் வாறுகாலிலிருந்து குளம் வரை தள்ளுகிற வேகம் சாரலுக்கு இல்லை. அதனால் அது வாறுகாலின் அடியிலும் ஓடையின் வளைவுகளிலும் படிந்து கிடக்கும். வீட்டுச் சமையலறைத் தண்ணீரும் குளியல் தண்ணீரும் அதோடு சேர்ந்து ஊறும். அக்டோபரில் முதல் கனமழை வந்ததும் மூன்று மாதச் சீசன் சரக்கு ஒரே மூச்சில் குளத்துக்குப் போகும். எங்கள் தொழிலில் இதற்கு பஃபர் என்று பேர்: சிறுகச் சிறுகச் சேர்த்துவைத்து, ஒரேயடியாக எழுதுவது. பஃபர் எப்போது காலியாகிறது என்று பார்க்காமல் நடுவில் மாதிரி எடுத்தால் எல்லாம் சுத்தமாக இருப்பதாகத்தான் தெரியும்.

குளத்துக்குப் போனபின் நடப்பது எல்லாரும் பார்த்ததுதான். சத்துச் சேர்ந்த தண்ணீரில் அமலைச்செடி மூடிக்கொள்ளும். செடி அழுகும்போது தண்ணீரில் ஆக்ஸிஜன் குறையும், மீன் சாகும். மண் படிந்து கொள்ளளவு குறையும். குளத்தை நம்பி இருக்கிற கிணறுகளுக்கு ஊறுவதும் அந்தத் தண்ணீர்தான். அப்புறம் ஒரு நாள் "குளம் தூர்ந்துபோச்சு, அமலை மண்டிப்போச்சு" என்று மனு கொடுப்போம், பொக்லைன் வரும், படம் எடுப்பார்கள். வரத்துக்காலில் வருவது மாறாதவரை பொக்லைன் திரும்பத் திரும்ப வரவேண்டியதுதான்.

சோப்புத் தடை எதைப் பார்க்கிறது?

2014-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை குற்றால அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு பயன்படுத்தத் தடை விதித்தது. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு மாநிலம் முழுக்கத் தடை. ரெண்டும் தேவை, ரெண்டையும் ஆதரிக்கிறேன்.

ஆனால் இந்தத் தடைகள் கண்ணுக்குத் தெரிகிற ஆளைப் பிடிக்கின்றன. அருவிக்கரையில் ஷாம்பு பாக்கெட்டோடு நிற்பவர் தெரிகிறார். அவர் தங்கியிருக்கிற விடுதியின் குளியலறைத் தண்ணீர், அவர் வந்த வண்டி நிற்கிற இடத்து ஆயில், ரோட்டோரம் அடுப்பு மூட்டிச் சமைத்துவிட்டுக் கொட்டின எண்ணெய்ச் சட்டி கழுவல், இவை எல்லாம் அருவிக்குச் சில நூறு மீட்டர் கீழே அதே ஓடைக்குப் போகக்கூடியவை. அருவியில் நுரை இல்லாமல் பார்த்துக்கொள்கிறோம், கீழே அதே ஆள் அதே சோப்பைக் குழாய்த் தண்ணீரில் போட்டால் அது நம் கணக்கில் இல்லை. புனிதமான இடத்தைக் காப்பாற்றுவது ஒரு விஷயம், ஆற்றைக் காப்பாற்றுவது இன்னொரு விஷயம். முதலாவதைச் செய்துவிட்டு ரெண்டாவதும் முடிந்ததாக நினைப்பதில்தான் என் தகராறு.

பெரிய வாறுகால் என்ன செய்யும்?

வடிகால் கட்டுகிற பொறியாளர்கள் பயன்படுத்துகிற அடிப்படைச் சூத்திரம் 1889-ல் நியூயார்க் மாநிலத்து ரோச்செஸ்டர் நகரில் எமில் குயிச்லிங் என்பவர் எழுதியது. வடிகாலுக்கு வருகிற உச்ச நீர் = ஓட்டக் குணகம் × மழையின் வேகம் × பரப்பு. மத்திய நகர்ப்புற அமைச்சகம் 2019-ல் வெளியிட்ட மழைநீர் வடிகால் கையேட்டிலும் இதுதான் அடிப்படை.

இந்த மூன்றில் மழையின் வேகம் வானத்தின் கையில். பரப்பு மேப்பில் இருப்பது. ஊர் தீர்மானிக்கக்கூடியது ஓட்டக் குணகம் ஒன்றுதான். தோட்டம், மண்தரை என்றால் அது 0.1, 0.2, 0.3. தார், கான்கிரீட் என்றால் 0.8, 0.9. ஆனால் நாம் செய்வது என்ன? குணகம் 0.8 ஆகிவிட்டது என்று ஒப்புக்கொண்டு, அதற்கேற்ற சைஸில் கான்கிரீட் வாறுகால் கட்டுகிறோம். கட்டியபின் தெருவோரத்தில் மிச்சமிருந்த மண்ணுக்கும் பேவர் பிளாக் போடுகிறோம். குணகம் இன்னும் ஏறுகிறது. பத்து வருஷத்தில் வாறுகால் மறுபடி சிறுசாகத் தெரிகிறது.

அடியும் பக்கமும் பூசின வாறுகாலில் தண்ணீர் வேகமாக ஓடும், ஊறாது. நம் தெருவுக்கு அது நிம்மதி. கீழே இருக்கிற தெருவுக்கு வெள்ளம் முன்னைவிடச் சீக்கிரம் வரும். குளத்துக்கு அழுக்கு எங்கேயும் தங்காமல் நேராகப் போகும். மண் ஓடையாக இருந்தபோது வழியில் கோரையும் புல்லும் கொஞ்சம் வடிகட்டின. அந்த வேலையைச் செய்ய இப்போது ஆள் இல்லை. சென்னையில் கிழக்குக் கடற்கரைச் சாலையோர மக்கள், "மணல் தரை, தானே குடிக்கிற இடம், இங்கே எதுக்கு வடிகால்?" என்று கேட்டுப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள். சின்ன ஊர்களில் அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை, கான்கிரீட் வாறுகால் வந்தால் வளர்ச்சி வந்ததாக எடுத்துக்கொள்கிறோம்.

இதில் துறைகளின் பார்வையும் சேர்ந்துகொள்கிறது. நகராட்சி, பேரூராட்சிக் கோப்பில் மழை என்றால் ஊரைவிட்டு வெளியே அனுப்ப வேண்டிய பொருள். நீர்வளத்துறைக் கோப்பில் மழை என்றால் குளத்துக்குக் கொண்டுவர வேண்டிய பொருள். வாறுகாலின் வரைபடம் ஓரிடத்தில், வரத்துக்காலின் வரைபடம் இன்னோரிடத்தில். முன்னது முடிகிற புள்ளியில்தான் பின்னது தொடங்குகிறது என்பது ரெண்டையும் ஒரே தாளில் வரைந்தால்தான் தெரியும்.

2003 சட்டம் தொடாத இடம்

தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு 2003-ல் கட்டாயமானது. இந்தியாவுக்கே முன்மாதிரி என்று சொல்லிக்கொள்ளத் தகுந்த சட்டம். ஆனால் அது கூரைத் தண்ணீரைப் பற்றியது. ஊரில் விழுகிற மழையில் இருப்பதிலேயே சுத்தமானது கூரைத் தண்ணீர். இருப்பதிலேயே அழுக்கானது ரோட்டுத் தண்ணீர், வாகன நிறுத்தத் தண்ணீர். நல்ல தண்ணீரைப் பிடிக்கத் தனிமனிதருக்குக் கட்டாயம் உண்டு. கெட்ட தண்ணீரை உண்டாக்குகிற பொது இடத்துக்கு அப்படி எதுவும் இல்லை.

மனைகளிலும் இதே கதை. 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளின் பத்திரப்பதிவுக்குத் தடை போட்டது. 2017-ல் வரன்முறை விதிகள் வந்தன. அப்போது ஊரெல்லாம் பேசியது ரோட்டு அகலம், பூங்காவுக்கு 10 சதவீத இடம், சதுர மீட்டருக்கு எவ்வளவு கட்டணம் என்பதைத்தான். பெரிய மனைப்பிரிவுகளுக்கு வெள்ள அபாயக் கோணத்தில் ஒரு தடையின்மைச் சான்று கேட்பதுண்டு. மனைக்குள் வெள்ளம் வருமா என்பது அதன் கேள்வி. மனையிலிருந்து எவ்வளவு வெளியே போகும், எந்தக் குளத்துக்குப் போகும், எதைச் சுமந்துகொண்டு போகும் என்பதும் அதே அளவு முக்கியமான கேள்விகள்.

சொல்லக்கூடிய மறுப்புகள்

"சிற்றாற்றுத் தண்ணீரில் பெரும்பங்கு மலையிலிருந்து வருகிறது. தென்காசி ஊர்த் தண்ணீர் அதில் எத்தனை சதவீதம்?" நியாயமான கேள்வி. ஜூலையில் ஆறு நிறைய ஓடும்போது ஊரின் அழுக்கு கரைந்து காணாமல் போகும். ஆனால் ஏப்ரல், மே மாதக் கோடைமழையில் ஆற்றில் தண்ணீர் ஒரு சாண் கூட இருக்காது. அப்போது மூன்று நாலு மாத வெயிலில் சேர்ந்த அழுக்கு முழுசாக இறங்கும். தவிர, குளங்களுக்கு இந்த மறுப்பு பொருந்தாது. ஊரை ஒட்டிய குளத்துக்கு ஊர்த்தரைதான் நீர்ப்பிடிப்பு. மலைத்தண்ணீர் வந்து அதைக் கழுவிவிடப் போவதில்லை.

"அப்போ வீடே கட்டக் கூடாதா?" கட்டத்தான் வேண்டும். 1994-ல் டாம் ஷூலர் என்பவர் அமெரிக்க ஓடைகள் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து, நீர்ப்பிடிப்பில் கெட்டித்தரை 10 சதவீதத்தைத் தாண்டினாலே ஓடை கெடத் தொடங்குகிறது என்று எழுதினார். அந்த எண்ணை வைத்துக்கொண்டு நம் ஊரில் வீட்டுக்குத் தடை கேட்பது அபத்தம். அவர்களுடைய ஓடையில் வருஷம் முழுக்கத் தண்ணீர் ஓடும், நம்முடையதில் ஓடாது. அந்த எண்ணிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு: கெடுதல் ஊர் முழுக்க நிரம்பியபின் தொடங்குவதில்லை, முதல் சில லேஅவுட்டிலேயே தொடங்கிவிடுகிறது. அப்போது சரிசெய்யச் செலவும் குறைவு.

என்ன கேட்கலாம்?

2007-ல் அமெரிக்கா தன் மத்திய அரசுக் கட்டடங்களுக்கு ஒரு விதி போட்டது. 5,000 சதுர அடிக்கு மேல் கட்டினால், கட்டுவதற்கு முன் அந்த நிலத்தில் தண்ணீர் எப்படி ஓடியதோ, முடிந்தவரை கட்டியபின்னும் அப்படியே ஓட வேண்டும். வாகன நிறுத்தம் கட்டினாலும் அப்படித்தான். அரசாங்கம் முதலில் தன் கட்டடத்துக்குப் போட்டது என்பதைக் கவனியுங்கள். புது மாவட்டமான தென்காசியில் அரசுக் கட்டடங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. இங்கேயிருந்தே தொடங்கலாம்.

பெரிய திட்டம் இல்லாமல் கேட்கக்கூடியவை சில. லேஅவுட் அங்கீகாரத்தில் ஒரே ஒரு வரி சேர்க்கலாம்: முதல் 25 மி.மீ. மழை மனைப்பிரிவுக்குள்ளேயே நிற்க வேண்டும். பூங்காவுக்கு விடுகிற 10 சதவீத இடத்தை ரோட்டைவிட ஒரு அடி தாழ்வாக வைத்தால் 10 ஏக்கர் லேஅவுட்டில் சுமார் 12 லட்சம் லிட்டர் அங்கேயே நிற்கும். மேலே சொன்ன 3.6 லட்சம் லிட்டருக்கு அது தாராளம். இப்போது பூங்காவுக்கு மண்ணடித்து மேடாக்குகிறோம். வாறுகால் குளத்தில் சேர்கிற வாயில் ஒரு படிவுக்குழி, அதையடுத்துக் கோரை வளர்ந்த ஒரு தாழ்வான பகுதி. குளம் முழுக்கத் தூர்வாருவதைவிட அந்தக் குழியை வருஷம் ஒருமுறை அள்ளுவது மலிவு. சீசன் முடிந்து, அக்டோபர் மழைக்கு முன், வாறுகாலை அள்ளி, அள்ளினதை ஓரத்திலேயே போடாமல் கொண்டுபோவது. கடைசியாக, வாறுகாலும் வரத்துக்காலும் ஒரே தாளில் இருக்கிற ஒரு வரைபடம். வார்டுக்கு ஒன்று, சுவரில் ஒட்டி.

இதற்கு ஆதாரம் வேண்டும் என்பவர்கள் செலவில்லாமல் ஒரு சோதனை செய்யலாம். வருகிற கோடைமழையிலோ ஐப்பசி முதல் மழையிலோ உங்கள் தெரு வாறுகாலில் மழை தொடங்கி ஐந்தாவது நிமிடம், பதினைந்தாவது நிமிடம், ஒரு மணி நேரம் கழித்து என்று மூன்று கண்ணாடி பாட்டிலில் தண்ணீர் பிடியுங்கள். தேதி, நேரம், கடைசியாக மழை பெய்து எத்தனை நாள் என்று எழுதி ஒட்டி, ஒரு ராத்திரி அசையாமல் வையுங்கள். காலையில் மூன்றிலும் அடியில் எத்தனை விரல்கடை வண்டல், மேலே எண்ணெய்ப் படலம் உண்டா என்று பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவ மறக்க வேண்டாம். உங்கள் தெருத் தண்ணீர் எந்தக் குளத்துக்குப் போகிறது என்பதையும் விசாரித்து அந்தச் சீட்டிலேயே எழுதிவிடுங்கள். வார்டு கவுன்சிலரிடம் பேசப் போகும்போது இந்தக் கட்டுரையைவிட அந்த மூன்று பாட்டில் அதிகம் உதவும்.